பென்ஷனை நிறுத்தும் ஒப்பந்தம்: ‘எந்தச் சம்பளத்தில்?’ என்று கேட்டுவிட்டு ஓட்டுப் போடுங்கள்

கேள்வி: திருச்சி விமான நிலையத்தில், ஒரு தனியார் விமான நிறுவனத்தின் பராமரிப்புப் பிரிவில் டெக்னீஷியனாக இருக்கிறேன். வயது 41, சர்வீஸ் 15 வருடம். சொந்த ஊர் பாபநாசம் பக்கம். எங்கள் யூனியனும் நிர்வாகமும் பேசி நான்கு வருட ஒப்பந்தத்துக்கு ஒரு வரைவு கொண்டுவந்திருக்கிறார்கள். என் மொத்தச் சம்பளம் 74,000 ரூபாயிலிருந்து 86,000 ஆகும். அதில் பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்து 40,000-லிருந்து 44,800. பதினைந்து மாத நிலுவைக்குப் பதிலாக ஒரே தொகையாக 1,20,000 ரூபாய். இதுவரை கம்பெனி டிரஸ்ட்டிலிருந்து ஒரு பென்ஷன் உண்டு. ஒரு வருட சர்வீஸுக்குக் கடைசி பேசிக், டி.ஏ.யில் ஒரு சதவீதம் வீதம் 58 வயதிலிருந்து ஆயுள் முழுக்க வரும். அதை இந்த மாதத்தோடு நிறுத்திவிட்டு, இனிமேல் பேசிக், டி.ஏ.யில் 10 சதவீதத்தை என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்) கணக்கில் போடுவார்களாம். ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் இதே பேச்சுதான். சின்னப் பையன்கள் ‘வர்ற பணத்தை வாங்குவோம்’ என்கிறார்கள். சீனியர்கள் ‘பென்ஷனைத் தொட்டால் ஸ்ட்ரைக்’ என்கிறார்கள். அடுத்த மாதம் ஓட்டெடுப்பு. நிலுவைப் பணத்தோடு கொஞ்சம் நகையையும் அடகு வைத்து, பக்கத்து வயல் இரண்டு மா விலைக்கு வருகிறது, வாங்கிவிடலாம் என்கிறார் அப்பா. நான் என்ன செய்யட்டும் ஐயா?

பதில்: வரைவு இப்போது இருக்கிறபடியே ஓட்டுக்கு வந்தால், உங்கள் வயதுக்காரர் ‘வேண்டாம்’ என்று போடுவதுதான் சரி. ஆனால் சீனியர்கள் சொல்லும் காரணத்துக்காக அல்ல. பழைய பென்ஷன் போவது மட்டுமே பிரச்சினை என்றால் பேசித் தீர்க்கலாம். நீங்கள் ஏற்கெனவே சம்பாதித்துவிட்ட 15 வருடத்தை எந்தச் சம்பளத்தில் கணக்குப் போடப்போகிறார்கள் என்பதில்தான் பெரிய பணம் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வரைவிலும் தெளிவாக இருக்காது என்றே நினைக்கிறேன்.

கணக்கைப் பார்ப்போம். ஒப்பந்தத்துக்குப் பிறகு உங்கள் பேசிக், டி.ஏ. 44,800. அது வருடம் 5 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், 17 வருடம் கழித்து, 58 வயதில், ஒரு லட்சத்து இரண்டாயிரத்து சொச்சம் ஆகும். பழைய பென்ஷன் அப்படியே தொடர்ந்தால் 32 வருட சர்வீஸுக்கு அதில் 32 சதவீதம். மாதம் சுமார் 32,900 ரூபாய்.

இப்போது நிறுத்தினால் என்ன? உங்கள் 15 சதவீதத்தை இன்றைய 40,000 மீது கணக்கிட்டால் மாதம் 6,000 ரூபாய். அதே 15 சதவீதத்தை ஓய்வு பெறும் நாளின் சம்பளத்தின் மீது கணக்கிட்டால் சுமார் 15,400. ஒரே சர்வீஸ், ஒரே சதவீதம். ‘நிறுத்தத் தேதியின் சம்பளம்’ என்று எழுதுவதா, ‘கடைசியாகப் பெற்ற சம்பளம்’ என்று எழுதுவதா என்பதில் மாதம் ஒன்பதாயிரத்துக்கும் மேல் ஆயுள் முழுக்க மாறிவிடுகிறது. நிறுத்தத் தேதி ஊதிய உயர்வுக்கு முன்னால் வருகிறதா, பின்னால் வருகிறதா என்பதையும் பாருங்கள். பின்னால் என்றால் 6,000 என்பது 6,720 ஆகும். சின்ன வித்தியாசம்தான், ஆனால் கேட்டால் கிடைக்கிற பணம்.

அடுத்து என்.பி.எஸ். பக்கம். மாதம் 4,480 ரூபாயில் ஆரம்பித்து, சம்பளத்தோடு சேர்ந்து ஏறி, 17 வருடம் போடுகிறார்கள். வருடம் 9 சதவீதம் வளர்ந்தால் சுமார் 27 லட்சம் சேரும். 7 சதவீதம்தான் என்றால் 23 லட்சம். ஒப்பிடுவதற்காக 27 லட்சத்தையும் ஆயுள் பென்ஷனாக மாற்றி, 6 சதவீதம் கிடைப்பதாக வைத்தால் மாதம் 13,700 ரூபாய் அளவுக்கு வரும். (நிஜத்தில் முழுவதையும் பென்ஷனாக மாற்றவேண்டியதில்லை. 2025 டிசம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு தனியார் ஊழியர்கள் குறைந்தது 20 சதவீதத்துக்குப் பென்ஷன் பாலிசி வாங்கினால் போதும். முன்பு அது 40 ஆக இருந்தது.)

ஆக, இன்றைய சம்பளத்தில் நிறுத்தினால் உங்களுக்கு 6,000 கூட்டல் 13,700, அதாவது 19,700. பழையபடி தொடர்ந்திருந்தால் 32,900. நூற்றுக்கு நாற்பது போய்விடுகிறது. கடைசிச் சம்பளத்தில் கணக்கிட ஒப்புக்கொண்டால் 15,400 கூட்டல் 13,700, ஏறக்குறைய 29,100. இடைவெளி நாலாயிரத்துக்குள் வந்துவிடும். யூனியன் பேச்சுவார்த்தையில் கேட்கவேண்டிய முதல் வரி இதுதான். ‘பென்ஷனைத் தொடாதே’ என்ற கோஷத்தைவிட இதைக் கேட்டு வாங்குவது எளிது.

இரண்டாவது, 10 சதவீதத்தை 14 ஆக்கச் சொல்லுங்கள். ஏன் 14 என்றால், புதிய வரி முறையில் கம்பெனி என்.பி.எஸ்.ஸில் போடும் தொகைக்குப் பேசிக், டி.ஏ.யில் 14 சதவீதம் வரை ஊழியருக்கு வரிக்கழிவு உண்டு. 14 கிடைத்தால் என்.பி.எஸ். பங்கு மாதம் 19,000 தாண்டும். கடைசிச் சம்பளக் கணக்கும் சேர்ந்தால் பழைய பென்ஷனைவிடக் கொஞ்சம் கூடவே வரும். நிர்வாகம் இரண்டையும் ஒரே மூச்சில் தராது. இரண்டில் ஒன்று என்றால் கடைசிச் சம்பளக் கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். 14 சதவீதத்தால் வரும் லாபம் சந்தை எப்படி வளர்கிறது என்பதைப் பொறுத்தது, மற்றது உங்கள் சம்பளத்தோடு ஏறுவது.

உங்கள் ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருப்பதற்கும் இதில் விளக்கம் இருக்கிறது. 28 வயதில் நாலு வருட சர்வீஸோடு இருக்கிற பையனுக்கு என்.பி.எஸ். 30 வருடம் வளரும். மேலே சொன்ன அதே அனுமானங்களை வைத்துப் போட்டுப் பார்த்தேன். அவனுக்குக் கடைசிச் சம்பளத்தில் 31 சதவீதம் அளவுக்குப் பென்ஷன் வருகிறது, பழைய முறையில் அந்த 30 வருடத்துக்கு 30 சதவீதம். வேலை மாறினாலும் கணக்கு கூடவே போகும். அவன் ‘சரி’ என்பதில் தப்பே இல்லை. 54 வயதுக்காரர் சத்தம் போடுகிறார், ஆனால் அவருடைய 28 வருடம் இன்றைய சம்பளத்தில் நின்றாலும் இழப்பு கால் பங்குக்குச் சற்று மேல்தான், ஏனென்றால் அவர் சம்பளம் ஏற இன்னும் நாலு வருடமே பாக்கி. கல்லணையில் தண்ணீர் திறந்தால் தலைமடைக்கும் கடைமடைக்கும் ஒன்றுபோல் பாயாது என்பது நமக்குத் தெரியும். இங்கே காய்வது நடுவில் இருக்கிற வயல். முப்பத்தைந்திலிருந்து ஐம்பது வரை உள்ளவர்கள்தான் நிஜமாக இழக்கிறவர்கள், கூட்டத்தில் குறைவாகப் பேசுகிறவர்களும் அவர்களேதான் என்பது என் சந்தேகம். நாற்பது வயதுக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து இந்த ஒரு வரியை எழுதி யூனியன் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

என் ஆலோசனையைத் தலைகீழாக்கக்கூடிய ஒரு விஷயம் இருக்கிறது. அந்த டிரஸ்ட்டில் பணம் இருக்கிறதா? இந்த மாதிரிப் பென்ஷனுக்கு ஆக்சுவரி மதிப்பீடு என்று ஓர் அறிக்கை போடுவார்கள். எல்லோருக்கும் தரவேண்டிய பென்ஷனுக்கு இன்றைய மதிப்பு எவ்வளவு, டிரஸ்ட் கையில் எவ்வளவு என்று அதில் இருக்கும். அதை யூனியன் கேட்டு வாங்கியே ஆகவேண்டும். விமானத் தொழிலில் இருந்துகொண்டு இதைக் கேட்காமல் விடுவது புத்திசாலித்தனம் இல்லை. கிங்ஃபிஷர் 2012-ல் நின்றது, ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில். திவால் சட்டப்படி பி.எஃப்., பென்ஷன், கிராஜுவிட்டி நிதியிலிருந்து தொழிலாளிக்கு வரவேண்டியது கடன்காரர்கள் கைவைக்க முடியாத பணம். ஆனால் நிதியில் பணமே போதவில்லை என்றால் சட்டம் காகிதத்தில்தான் நிற்கும். அமெரிக்காவில் யுனைடெட் ஏர்லைன்ஸ் 2005-ல் திவால் நீதிமன்ற அனுமதியோடு தன் பென்ஷன் திட்டங்களைக் கைகழுவியபோது, அரசின் பென்ஷன் காப்பீட்டு நிறுவனம் அவற்றை ஏற்றுக்கொண்டது. அப்படியும் பலருக்கு வெட்டு விழுந்தது. நம்மூரில் கம்பெனி டிரஸ்ட் பென்ஷனுக்கு அப்படி ஒரு காப்பீடே கிடையாது. டிரஸ்ட்டில் பெரிய ஓட்டை இருக்கிறது என்று அறிக்கை காட்டினால், என்.பி.எஸ்.ஸுக்கே ஓட்டுப் போடுங்கள். அது உங்கள் பெயரில், உங்கள் எண்ணில் இருக்கிற பணம். கம்பெனி மூடினாலும் அதைத் தொட முடியாது.

அறிக்கை நன்றாக இருந்தால் அவசரப்பட்டு விட்டுக்கொடுக்காதீர்கள். ஒருமுறை நிறுத்திய பென்ஷன் திரும்பி வருவது அபூர்வம். போயிங் நிறுவனத்தில் 2014-ல் தொழிலாளர்கள் மிகக் குறைந்த வித்தியாசத்தில் ஓட்டுப் போட்டுப் பென்ஷனை நிறுத்த ஒப்புக்கொண்டார்கள். 2024 செப்டம்பரில் சுமார் 33,000 பேர் அதைத் திரும்பக் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏழு வாரத்துக்குப் பிறகு நாலு வருடத்தில் 38 சதவீத ஊதிய உயர்வு கிடைத்தது, பென்ஷன் கிடைக்கவில்லை. அவர்கள் விமானம் கட்டுகிறவர்கள், நீங்கள் பராமரிக்கிறவர்கள். ஆனால் பேரம் ஒன்றுதான்.

இதோடு சேர்த்து மனைவி விஷயத்தையும் கேட்டுவிடுங்கள். உங்களுக்குப் பிறகு டிரஸ்ட் பென்ஷன் அவருக்குத் தொடருமா, பாதியா, ஒன்றுமே இல்லையா? பல பேர் இருபது வருடம் வேலை பார்த்தும் இதைக் கேட்டதில்லை. ‘பி.எஃப். பென்ஷன் இருக்கிறதே’ என்று யாராவது சொன்னால் நம்பி உட்காராதீர்கள். இ.பி.எஸ். என்கிற அந்தப் பென்ஷனின் கணக்கு இன்னமும் 15,000 ரூபாய் சம்பள உச்சவரம்பில்தான் ஓடுகிறது. 58 வயதில் உங்களுக்கு ஏழாயிரத்தை ஒட்டி வரும், விலைவாசியோடு அது ஏறாது.

ஊதிய உயர்வு பற்றி அதிகம் சொல்ல இல்லை. மொத்தத்தில் 16 சதவீதம் என்று நோட்டீஸில் போட்டிருப்பார்கள். பேசிக், டி.ஏ. 12 சதவீதம்தான் ஏறுகிறது. 12,000-ல் 7,200 அலவன்ஸாகப் போகிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி, அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டியதும் ஊதியக் கணக்கில் சேரும். உங்களுக்குப் பேசிக், டி.ஏ. 52 சதவீதம், எனவே அந்த விதி உதவாது. அலவன்ஸில் ஒரு பகுதியைப் பேசிக்குக்கு மாற்றச் சொல்வது யூனியனின் வேலை. கிராஜுவிட்டி, என்.பி.எஸ். இரண்டும் பேசிக் மீதுதான் ஓடுகின்றன, முழு பேசிக்குக்குப் பிடித்தம் செய்கிற கம்பெனியில் பி.எஃப்.பும் அப்படித்தான்.

நிலுவையிலும் இதே கதை. பதினைந்து மாதத்துக்கு மாதம் 12,000 வித்தியாசம் என்றால் 1,80,000. தருவது 1,20,000. அதை நிலுவைச் சம்பளம் என்று எழுதாமல் ‘ஒரே தொகை’ என்று எழுதினால் அதற்குப் பி.எஃப். போடவேண்டிய பேச்சே எழாது. கேட்கலாம், ஆனால் இதற்காக ஒப்பந்தத்தை உடைக்கவேண்டியதில்லை. வரி பற்றிக் கவலை வேண்டாம். புதிய முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி, அதோடு 75,000 நிலைக்கழிவு. சம்பள உயர்வும் இந்தப் பணமும் சேர்ந்தாலும் நீங்கள் பன்னிரண்டு லட்சத்துக்குள்தான் இருக்கிறீர்கள். வேறு வருமானம் இல்லையென்றால் வரி வராது.

அப்பாவின் இரண்டு மா. மறுக்கிறேன், ஆனால் யோசிக்காமல் அல்ல. சொந்த வயலை ஒட்டிய நிலம் விலைக்கு வருவது எப்போதாவதுதான், அவருடைய ஆசை புரிகிறது. ஆனால் 1,20,000 ரூபாயை வைத்துக்கொண்டு முக்கால் ஏக்கருக்கும் குறைவான நஞ்சை வாங்கப்போனால் பெரும்பகுதி நகைக்கடனாகத்தான் இருக்கும். மேட்டூர் ஜூன் 12-ல் திறந்து குறுவை, சம்பா இரண்டும் கைகொடுத்தாலும், குத்தகை நெல்லை விற்று நகைக்கடன் வட்டி கட்டுவது கஷ்டம். அதுவும் ஸ்ட்ரைக் பேச்சு அடிபடுகிற வருடத்தில். ஸ்ட்ரைக் வந்தால் சம்பளம் கிடையாது, வட்டி நிற்காது. அந்தப் பணத்தை அப்படியே வங்கியில் வைப்புநிதியாகப் போட்டுவையுங்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகி, புதிய சம்பளம் ஆறு மாதம் ஒழுங்காக வந்த பிறகும் அந்த வயல் விலைக்கு இருந்தால், நகையைத் தொடாமல் வாங்க முடியுமா என்று அப்பாவோடு உட்கார்ந்து பேசுங்கள்.

ஓட்டெடுப்புக்கு முன்னால் வரைவின் முழு நகலை, பென்ஷன் இணைப்புப் பக்கங்களோடு, கையில் வாங்கிவிடுங்கள். கேட் மீட்டிங்கில் மைக்கில் வாசித்தது போதாது. மத்திய தொழிலாளர் ஆணையர் அலுவலகத்தில் சமரசத்தில் கையெழுத்தாகிவிட்டால், எதிர்த்து ஓட்டுப் போட்டவரையும் அது கட்டும். ‘நிறுத்தத் தேதி’, ‘சம்பளம்’ இரண்டும் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று பார்த்து, அந்தப் பக்கத்தை மட்டும் எனக்கு அனுப்புங்கள். படித்துவிட்டுச் சொல்கிறேன்.