வாடகைக்கு விட்ட வீடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலுள்ள வீடு, காணி தொடர்பாக வந்த கடிதங்களுள், வாடகைக்கு விடுவதைப் பற்றியவை இம்முறை தெரிந்தெடுக்கப்பட்டுள்ளன. எழுதியவர்களின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: எங்கள் இளைய மகளுக்குச் சீதனமாகக் கொடுப்பதற்கென்று கல்லடியில், கடற்கரைப் பக்கமாக, மூன்று அறைகள் கொண்ட வீடொன்றைக் கட்டி முடித்திருக்கிறோம். மகள் இன்னும் படிக்கிறாள். கலியாணம் பேச எப்படியும் இரண்டு மூன்று வருடங்கள் செல்லும். மாற்றலாகி வந்திருக்கும் அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் வீட்டை வாடகைக்குக் கேட்கிறார். என் கணவருக்கு விருப்பம். என் அக்காவோ, வாடகைக்குக் கொடுத்த வீடு கலியாணத்துக்கு முதல் கைக்கு வராது என்கிறார். என்ன செய்யலாம்? (ஒரு தாய், கல்லடி)

பதில்: உங்கள் அக்காவின் பயத்தைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது, அம்மா. நம் பகுதியில் வீடு பெரும்பாலும் பெண்பிள்ளைக்கென்றே கட்டப்படுகிறது. கலியாணத்துக்கு நாள் வைத்த பிறகும் அந்த வீட்டில் வேறொரு குடும்பம் இருந்தால் பெற்றோர் படும் பாடு, கொழும்பில் நாலைந்து வீடுகளை வாடகைக்கு விட்டுப் பிழைப்பவருக்கு விளங்காது. ஆகவே வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன், வேண்டிய நாளில் வீடு வெறுமையாகத் திரும்பி வருமா என்று கேட்பதுதான் உங்கள் நிலைமைக்குப் பொருத்தம்.

அதே நேரம், பூட்டிக் கிடக்கும் வீடு செலவில்லாத வீடு என்று எண்ண வேண்டாம். கல்லடியின் உப்புக்காற்று ஆளில்லாத வீட்டையே முதலில் பிடிக்கும். யன்னல் கம்பிகள் அடிப்பக்கத்தில் பொருக்கு விடும், பிணைச்சல்கள் இறுகும், வளையின் உள்ளே இருக்கும் கம்பி துருவேறிப் பருத்து, மேற்பூச்சை வெடிக்க வைக்கும். மாரியில் ஓடு விலகி ஒழுகினால் ஆள் இருக்கும் வீட்டில் அன்றிரவே தெரிந்துவிடும்; பூட்டிய வீட்டில் சீலிங் பலகை ஊறி விழுந்த பிறகுதான் தெரியும். இறைக்காத கிணறும் ஓடாத மோட்டரும் அப்படித்தான். நல்ல குடும்பமொன்று குடியிருப்பது வீட்டுக்குக் காவல் போட்டதற்குச் சமம் என்பதால், உங்கள் கணவரின் பக்கமும் நியாயம் இருக்கிறது.

பணக் கணக்கைப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். காணியோடு சேர்த்து ஒன்றரைக் கோடி ரூபாய் பெறுமதியான வீட்டுக்கு மாதம் 35,000 ரூபாய் வாடகை வருகிறது என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு 4,20,000 ரூபாய். அதாவது வீட்டின் பெறுமதியில் மூன்று சதவீதம்கூட இல்லை. அதிலும் பெயின்ற், குழாய்த் திருத்தம், உள்ளூராட்சிச் சபைக்குக் கட்டும் சோலை வரி என்பன போக வேண்டும். வாடகையால் பணக்காரராகலாம் என்று சொல்பவர்கள் காணி விலை ஏறியதையும் வாடகைக் கணக்கிலேயே சேர்த்துப் பேசுகிறார்கள். விற்கவே போகாத சீதன வீட்டுக்கு அந்த ஏற்றத்தால் கைக்கு எதுவும் வரப்போவதில்லை.

இனி, வீடு திரும்பி வருவதைப் பற்றிப் பார்ப்போம். இங்கே பலர் செய்வது, கடையில் வாங்கிய படிவமொன்றில் முத்திரை ஒட்டி, இரண்டு சாட்சிகளின் கையொப்பத்தோடு 'ஒரு வருட ஒப்பந்தம்' எழுதிக்கொள்வதாகும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிசு (பத்திரங்களை எழுதி அத்தாட்சிப்படுத்துபவர்) முன்னிலையில் உறுதிப் பத்திரமாக எழுதப்படாவிட்டால் அது சட்டத்தின் முன் வலுவற்றது. அந்தப் படிவத்தில் எத்தனை நிபந்தனைகள் இருந்தாலும், வாடகை வாங்கிவரும் உங்களை மாதவாடகைக்குக் கொடுத்தவராகவே நீதிமன்றம் பார்க்கும். மாதவாடகையை முடிக்க முழுமையான ஒரு கலண்டர் மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் அவர் எழும்பாவிட்டால் சாதாரண வழக்குத்தான். அது எத்தனை வருடம் இழுபடும் என்பதை நீதிமன்றப் படி ஏறிய எவரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

நொத்தாரிசு முன் எழுதிய குத்தகை உறுதி கையில் இருப்பவருக்கு, 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் ஒரு குறுக்கு வழியைத் திறந்துவிட்டிருக்கிறது. குத்தகைக்குக் கொடுத்த வளவுகளின் உடைமையை மீளப் பெறுவதற்கென்றே இயற்றப்பட்ட அச்சட்டத்தின் கீழ், தவணை முடிந்தும் வெளியேறாதவருக்கு எதிராக மாவட்ட நீதிமன்றத்தில் சுருக்கமான நடைமுறையில் விண்ணப்பிக்கலாம். நொத்தாரிசுக் கட்டணத்துக்கும் முத்திரை வரிக்கும் பயந்து கடைப் படிவத்தோடு திருப்திப்படுபவர், இந்த வசதியைத் தானாகவே கைவிடுகிறார். உறுதியை எழுதியதோடு விட்டுவிடாமல், மட்டக்களப்புக் காணிப் பதிவகத்தில் பதிவதும் அவசியம்.

கையொப்பம் இடப்போவது யார் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சீதன உறுதி ஏற்கனவே மகளின் பெயருக்கு முடிக்கப்பட்டிருந்து, அதில் உங்களுக்கு சீவிய உரித்து (உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமை) ஒதுக்கப்படவில்லையென்றால், வீட்டுக்காரி மகள்தான். அவளே கையொப்பமிட வேண்டும், அல்லது தன் சார்பில் கையொப்பமிடும் அதிகாரமாகிய அற்றோணித் தத்துவத்தை உங்களுக்குத் தர வேண்டும். உங்களுக்குச் சீவிய உரித்து இருந்தால் நீங்கள் கொடுக்கலாம். உறுதி இன்னும் உங்கள் பெயரிலேயே இருந்தால் சிக்கல் இல்லை.

தவணையை ஒரு வருடமாக வைத்து, இரு தரப்பும் விரும்பினால் புது உறுதி எழுதுங்கள். முடிவு நாள் மார்கழி மழைக்குள் விழாமல், பாடசாலைத் தவணை நடுவிலும் விழாமல் பார்த்துக்கொண்டால், போக மனமுள்ளவருக்கும் போவது இலகு. மாற்றலாகும் உத்தியோகத்தர்களிடம் ஒரு பழக்கம் உண்டு: தமக்கு மாற்றம் கிடைத்ததும், உங்களிடம் சொல்லாமலே அலுவலக நண்பர் ஒருவருக்குத் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். கைமாற்றிக் கொடுக்கக் கூடாது என்ற நிபந்தனை உறுதியில் இருக்கட்டும். முற்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போக வேண்டாம்; அதைச் செலவழிக்காமல் வங்கியில் தனியாக வைத்திருந்தால், திருப்பிக் கொடுக்கும் நாளில் அதுவே ஒரு தடையாக வந்து நிற்காது. திறப்பைக் கொடுக்கும் அன்று மின்மானி, நீர்மானி இரண்டின் அளவுகளையும் படம் பிடித்து, மின்விசிறி, மோட்டர், திறப்பு ஆகியவற்றின் எண்ணிக்கையை எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள்.

இவ்வளவையும் ஒத்துக்கொள்ளும் குடும்பமென்றால் கொடுங்கள். நொத்தாரிசு என்றதும் முகம் கறுப்பவரென்றால், வீடு பூட்டியே இருக்கட்டும். கிழமைக்கு ஒருமுறை போய் யன்னல்களைத் திறந்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: வந்தாறுமூலையில் எனக்கு ஒரு வளவு இருக்கிறது. பல்கலைக்கழக மாணவர்களுக்கு வாடகைக்கு விடும் நோக்கத்தில், வங்கிக் கடன் எடுத்து ஆறு அறைகள் கட்ட யோசிக்கிறேன். நிச்சயமான வருமானம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். (வாசகர், செங்கலடி)

பதில்: கிழக்குப் பல்கலைக்கழகம் அங்கே இருக்கும்வரை அறை தேடுவோர் இருப்பார்கள், அது உண்மை. ஆனால் மாணவர் வாடகை பன்னிரண்டு மாத வாடகை அன்று. விடுமுறை, பரீட்சை முடிவு, பகிஷ்கரிப்பு என்று அறைகள் வெறுமையாகும் காலங்கள் உண்டு. 2020 இல் கொவிட் வந்தபோது மாதக்கணக்கில் வெறுமையாகக் கிடந்தன.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆறு அறைகளில் அறைக்கு இருவர், ஒருவருக்கு மாதம் 6,000 ரூபாய் என்றால் நிரம்பிய மாதத்தில் 72,000 ரூபாய். ஒன்பது மாதங்கள் நிரம்பியிருந்தால் 6,48,000. மின்சாரம், மோட்டர், துப்புரவு, திருத்தம் என்று அதில் காற்பங்கு போனால் மிஞ்சுவது 4,86,000. கட்டடத்துக்கு 60 இலட்சம் முடிகிறது, கடன் வட்டி 13 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், முதல் வருட வட்டி மட்டும் 7,80,000 ரூபாய் ஆகிவிடும். முழுவதையும் கடனில் கட்டினால் அறைகள் நிரம்பியிருந்தாலும் நீங்கள் கைப்பணத்தைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டிவரும். கையிலுள்ள பணத்தில் முதலில் இரண்டு அறைகளைக் கட்டி, அத்திவாரத்தை மட்டும் மற்றவற்றுக்கும் சேர்த்துப் போட்டு வையுங்கள்.

கட்டும்போது மேசன் சொல்லாமல் விடும் ஒரு விடயம் மலக்குழி. நாலு பேருக்குப் போட்ட குழி பன்னிரண்டு பேருக்குத் தாங்காது. நிலத்தடி நீர் மேலே வரும் மார்கழியில் அது நிரம்பித் திரும்பினால், அதே வளவில் இருக்கும் கிணறும் கெட்டுவிடும். மின்சாரத்துக்கும் அறைதோறும் உபமானி பொருத்துங்கள். அலகுகள் கூடக் கூட விலையும் கூடும் வீட்டுப் பாவனைக் கட்டண முறையில், பன்னிரண்டு பேரின் பாவனை ஒரே மானியில் விழுந்தால் பட்டியல் மேல் படிக்குத் தாவிவிடும். யாருடைய மின்கேத்தல் எவ்வளவு மின்சாரம் எடுத்தது என்ற சண்டையைத் தீர்த்துவைக்கும் வேலையும் உங்கள் தலையில் விழும்.

கேள்வி: கல்முனையில் உள்ள எங்கள் வீட்டில் இருப்பவர் நான்கு மாதமாக வாடகை தரவில்லை. கேட்டால் அடுத்த மாதம் என்கிறார். மின்சாரத்தை வெட்டி, அவர் வெளியே போன நேரம் பூட்டை மாற்றலாமா? (வாசகர், பாண்டிருப்பு)

பதில்: வேண்டாம், ஐயா. கோபம் நியாயமானது, வழி பிழையானது. 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ் அவர் பொலிசுக்கோ நேரடியாக நீதிமன்றத்துக்கோ போகலாம். வழக்குத் தாக்கலாவதற்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் என்று தெரிந்தால், வீடு யாருடையது என்று ஆராயாமலே அவரை மீண்டும் உள்ளே இருத்தும்படி நீதவான் கட்டளையிடலாம். நான்கு மாத வாடகை பாக்கி வைத்தவர், நீதிமன்றக் கட்டளையோடு உங்கள் வீட்டுக்குத் திரும்பி வருவார்.

சட்டத்தரணி மூலம் பாக்கியைக் கேட்டும் வாடகையை முடித்தும் பதிவுத் தபாலில் முன்னறிவித்தல் அனுப்புங்கள். வீடு 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டத்தின் கீழ் வருகிறதா என்பதைச் சட்டத்தரணி முதலில் பார்க்க வேண்டும். அந்தச் சட்டம் வாடகைக்கு இருப்பவருக்குக் கூடுதல் பாதுகாப்புக் கொடுப்பது, ஆனால் பிற்காலத் திருத்தங்களால் பல வீடுகள் அதிலிருந்து விலக்கப்பட்டுவிட்டன. முன்னறிவித்தல் கொடுத்த பிறகு வாடகைக்கு இருப்பவர் தரும் பணத்தை வாடகை என்று பற்றுச்சீட்டு எழுதி வாங்காதீர்கள்; எப்படி எழுதுவது என்பதைச் சட்டத்தரணியிடம் கேட்டு எழுதுங்கள். இன்னொன்று, சிலர் நாலு மாதப் பாக்கியை விட்டுக்கொடுத்து, 'இந்தத் திகதிக்குள் எழும்பினால் போதும்' என்று எழுத்தில் பேசி முடிக்கிறார்கள். அது தோல்வி போலத் தெரியும். வழக்குச் செலவோடு ஒப்பிட்டால் பல வேளைகளில் மலிவானது.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. மேல்மாடியை மாதம் 45,000 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். வருமான வரி கட்ட வேண்டுமா? வாடகைக்கு இருப்பவர்கள் எங்கள் முகவரியில் வாக்காளர் பதிவு கேட்கிறார்கள். பதிந்தால் வீட்டில் உரிமை வந்துவிடுமா? (வாசகி, அக்கரைப்பற்று)

பதில்: வருடத்துக்கு 5,40,000 ரூபாய் வருகிறது. 2025 ஏப்ரல் முதல் தனியாளுக்கான வருடாந்த வரி விலக்கு 18 இலட்சம் ரூபாய். அரச ஓய்வூதியத்துக்கு வரி இல்லை. வேறு பெரிய வருமானம் இல்லாவிட்டால் உங்களுக்கு வரி வராது. வாடகை வருமானம் கூடியவர்கள் அதில் 25 சதவீதத்தைத் திருத்தச் செலவு முதலியவற்றுக்கான விடுபாடாகக் கழிக்கலாம் என்பதையும், மாத வாடகை ஒரு இலட்சத்தைத் தாண்டினால் 10 சதவீதம் முற்கூட்டியே பிடிக்கப்படலாம் என்பதையும் மற்ற வாசகர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். சோலை வரியை முழு வருடத்துக்கும் ஜனவரி 31 க்கு முன் கட்டினால் 10 சதவீதக் கழிவு உண்டு, அதை விட்டுவிடாதீர்கள்.

வாக்காளர் இடாப்பில் பெயர் பதிவதால் எவருக்கும் வீட்டில் உரிமை வராது. மறுக்காமல் விடுங்கள். அவர்கள் வாடகைக்கே இருக்கிறார்கள் என்பதற்குப் பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒழுங்காக இருந்தால் போதும்.

கேள்வி: நாங்கள் சுவிசில் இருக்கிறோம். களுவாஞ்சிகுடியில் உள்ள எங்கள் வீட்டில் அண்ணன் குடும்பம் ஒன்பது வருடமாக வாடகையில்லாமல் இருக்கிறது. உறவினருக்கு வாடகைக்கு விடுவது மரியாதையில்லை என்று விட்டுவிட்டோம். பத்து வருடம் கடந்தால் வீடு அவர்களுக்காகிவிடும் என்று ஒருவர் சொல்கிறார். உண்மையா? (வாசகர், சூரிச்)

பதில்: அரைவாசி உண்மை. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம், பத்து வருடங்கள் தடையின்றி, சொந்தக்காரரின் உரிமைக்கு எதிராக, தனதென்றே ஆண்டு அனுபவித்தவருக்கு உரிமை கோர இடம் கொடுக்கிறது. உங்கள் அனுமதியோடு இருப்பவரின் இருப்பு, அவர் வெளிப்படையாக உங்களை மறுக்கும்வரை, எத்தனை வருடமானாலும் எதிரான இருப்பாகாது. ஆகவே பத்தாவது வருடம் பிறந்த கையோடு வீடு போய்விடாது. சிக்கல் இன்னோர் இடத்தில் இருக்கிறது: நீங்கள் அனுமதி கொடுத்தீர்கள் என்பதற்கு எழுத்தில் என்ன இருக்கிறது? உங்கள் அண்ணன் இருக்கும்வரை அவருக்கு அது தெரியும். அவர் காலத்துக்குப் பிறகு, அந்த வீட்டிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு அது தங்கள் வீடு என்றுதான் தெரியும்.

இங்கேதான் வாடகை வேறொரு வேலை செய்கிறது. மாதம் 1,000 ரூபாய் உங்கள் வங்கிக் கணக்கில் 'வீட்டு வாடகை' என்று விழுந்துகொண்டிருந்தால், அவர்கள் யாருடைய வீட்டில் இருக்கிறார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. வாடகை வாங்க மனம் வரவில்லையென்றால், 'தம்பியின் வீட்டில் அவரது சம்மதத்தோடு குடியிருந்து பராமரித்து வருகிறேன்' என்று அண்ணன் கையொப்பமிட்ட ஒரு பத்திரத்தை நொத்தாரிசு மூலம் எழுதிக்கொள்ளுங்கள். சோலை வரிப் பற்றுச்சீட்டு உங்கள் பெயரிலேயே வரட்டும். காணிப் பதிவகத்தில் அந்தக் காணியின் பதிவேட்டுப் பிரதியை இடைக்கிடை எடுத்துப் பாருங்கள்.

இதைத் தொலைபேசியில் பேச வேண்டாம். யாரோ சொல்லிக்கொடுத்துப் பேசுவது போலிருக்கும். அடுத்த விடுமுறைக்கு வரும்போது, வீட்டின் கூரைத் திருத்தத்துக்கு நீங்கள் பணம் கொடுக்கும் அதே நாளில் அண்ணனிடம் நேரில் கேளுங்கள். அண்ணியும் பெரிய பிள்ளைகளும் பக்கத்தில் இருக்கட்டும்.