ஆர்.டி.இ. குழந்தைக்குப் பள்ளி பணம் கேட்டால் என்ன செய்வது?

கேள்வி: என் மகள் 2024-ல் கல்வி உரிமைச் சட்டத்தின் (ஆர்.டி.இ.) 25 சதவீத இடஒதுக்கீட்டில் ஒரு மெட்ரிக் பள்ளியில் எல்.கே.ஜி. சேர்ந்தாள். இப்போது ஒன்றாம் வகுப்பு போகிறாள். "அரசாங்கத்திலிருந்து பணம் வரவில்லை. 18,000 ரூபாய் கட்டுங்கள், வந்ததும் திருப்பித் தருகிறோம். முடியாவிட்டால் டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். அச்சடித்த ஒரு தாளில் கையெழுத்தும் கேட்கிறார்கள். பிரவுசிங் சென்டர் நடத்துபவர் ஒருவர், 5,000 கொடுத்தால் ஆபீஸில் பேசி முடித்துத் தருவதாகச் சொல்கிறார். நான் கட்டட வேலைக்குப் போகிறவன். பணத்தைப் புரட்டிக் கட்டிவிடலாமா?

பதில்: கட்ட வேண்டாம். அந்தத் தாளில் கையெழுத்துப் போடவே வேண்டாம். இரண்டில் எது பெரிய ஆபத்து என்று கேட்டால், கையெழுத்துதான்.

முதலில் பணத்தைப் பார்ப்போம். இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி தனியார் பள்ளி தன் தொடக்க வகுப்பில் குறைந்தது 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்குத் தர வேண்டும். எல்.கே.ஜி. வைத்திருக்கும் பள்ளி அங்கிருந்தே தர வேண்டும். சேர்ந்த குழந்தைக்கு எட்டாம் வகுப்பு முடியும் வரை கல்விக் கட்டணம் கிடையாது. "ஆர்.டி.இ. யு.கே.ஜி.யோடு சரி, ஒன்றாம் வகுப்புக்குப் புது அட்மிஷன்" என்று சில பள்ளிகள் சொல்லும். அது பொய்.

அந்தக் கட்டணத்தை அரசு பள்ளிக்கு ஈடு செய்கிறது. அரசு ஒரு மாணவருக்குச் செலவிடும் தொகை, பள்ளி வாங்கும் கட்டணம், இந்த இரண்டில் எது குறைவோ அதுதான் பள்ளிக்குக் கிடைக்கும். அதுவும் படித்து முடித்த ஆண்டுக்கான பணம் பிறகுதான் வரும். பள்ளிகளின் எரிச்சல் இங்கேதான் தொடங்குகிறது. தொகை போதவில்லை, வருவதும் தாமதம் என்கிறார்கள். இந்த இரண்டு புகாரிலும் உண்மை இருக்கிறது. இந்தப் பணம் வரும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒன்றிய அரசின் பங்கு 60 சதவீதம், மாநிலத்தின் பங்கு 40. பி.எம். ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதற்காக 2024-25-க்கான சுமார் 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. அதைக் காரணம் காட்டி மாநில அரசு 2025-26 ஆர்.டி.இ. சேர்க்கையையே அக்டோபர் வரை தள்ளிப்போட்டது. ஜூனில் தொடங்கும் பள்ளிக்கு அக்டோபரில் சேர்க்கை! வட்டிக்கு வாங்கி முதல் டேர்ம் கட்டிய பெற்றோரை இரண்டு அரசுகளில் ஒன்றாவது நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். ஒன்றிய நிதி வரவில்லை என்பதைக் காட்டி மாநிலம் தன் கடமையிலிருந்து விலக முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனிலேயே சொல்லிவிட்டது. பணம் தேங்கினால் சின்னப் பள்ளிகளில் முதலில் கை வைப்பது ஆசிரியர் சம்பளத்தில்தான். ஆகவே உங்களிடம் பணம் கேட்கும் டீச்சரிடம் கோபப்படாதீர்கள். அவருக்கே இரண்டு மாதச் சம்பளம் பாக்கி இருக்கலாம்.

ஆனால் அந்தப் பாக்கி பள்ளிக்கும் அரசுக்கும் இடையிலானது. "வந்ததும் தருகிறோம்" என்று உங்களிடம் முன்கூட்டியே வாங்கச் சட்டத்தில் இடமில்லை. நன்கொடை, கட்டட நிதி என்று அறிவிக்கப்பட்ட கட்டணத்துக்கு வெளியே எந்தப் பெயரில் வாங்கினாலும் வாங்கிய தொகையைப் போல் பத்து மடங்கு வரை அபராதம் விதிக்க அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு வழி செய்கிறது.

இனி கையெழுத்து. அந்தத் தாளை ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள், அல்லது படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் அதில் "என் சொந்த விருப்பத்தின் பேரில் ஆர்.டி.இ. இடத்திலிருந்து விலகி, பொதுப் பிரிவில் கட்டணம் செலுத்திப் படிக்க வைக்கச் சம்மதிக்கிறேன்" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். சில சமயம் தேதி போடும் இடம் காலியாக இருக்கும். நீங்கள் கையெழுத்திட்டதும் எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவில் உங்கள் மகள் சாதாரண மாணவி ஆகிவிடுவாள். அடுத்த ஆண்டு போய்ச் சண்டை போட்டால் அந்தத் தாளை எடுத்து மேசையில் வைப்பார்கள்.

இந்தப் பதிவு எட்டாம் வகுப்போடு முடியும் விஷயமும் இல்லை. இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெற்றோர்களில் பலருக்கு இது தெரியாது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. அதில் ஒரு விலக்கு உண்டு. எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் ஆர்.டி.இ. இடத்தில் படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கும் அந்த ஒதுக்கீடு உண்டு. உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்திலும் இதே விலக்கு இருக்கிறது. கவனியுங்கள்: எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்தால் மட்டும் போதாது, ஆர்.டி.இ. இடத்தில் படித்திருக்க வேண்டும். நடுவில் ஒரு வருடம் பொதுப் பிரிவில் பணம் கட்டிப் படித்ததாகப் பதிவானால் அந்தச் சங்கிலி அறுந்துபோகும். எட்டு முடித்துவிட்டு ஒன்பதாம் வகுப்பும் அதே தனியார் பள்ளியில் தொடர்ந்தாலும் அறுந்துபோகும். பத்து வருடம் கழித்து உங்கள் மகள் கலந்தாய்வுக்கு நிற்கும்போது அவள் ஆர்.டி.இ.யில் படித்தாள் என்பதற்குச் சான்று கேட்பார்கள். சேர்க்கை வந்தபோது கைபேசிக்கு வந்த குறுஞ்செய்தி, ஒதுக்கீட்டுப் பட்டியலின் நகல், எமிஸ் எண் ஆகிய மூன்றையும் இன்றே ஒரு உறையில் போட்டு வையுங்கள். குறுஞ்செய்தியைக் கடையில் கொடுத்து அச்செடுத்துக்கொள்ளுங்கள், கைபேசி நிலைக்காது.

இப்போது செய்ய வேண்டியது. பள்ளி வாயால் கேட்டதை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மாட்டார்கள். பரவாயில்லை, நீங்கள் எழுதுங்கள். "இன்ன தேதியில், ஆர்.டி.இ. இடத்தில் படிக்கும் என் மகளுக்கு 18,000 ரூபாய் கட்டும்படி வாய்மொழியாகக் கேட்டீர்கள். எந்தச் சட்டத்தின்படி என்று எழுத்தில் தெரிவிக்கவும்" என்று நான்கு வரி போதும். பள்ளி முதல்வர் பெயருக்கு எழுதி, ஒப்புகை கேட்டு விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள். நகலை மாவட்டக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஒரு மாவட்டத்தில் இடைநிலை, தொடக்கக் கல்வி, தனியார் பள்ளிகள் என்று தனித்தனி மாவட்டக் கல்வி அலுவலர்கள் உண்டு. உங்கள் மனு "தனியார் பள்ளிகள்" என்று அடைப்புக்குறி போட்ட அலுவலருக்குப் போக வேண்டும். மாறிப் போனால் அது மேசை மேசையாகச் சுற்றி மூன்று மாதம் தின்றுவிடும். பெரும்பாலும் அந்தக் கடிதம் போனதுமே பள்ளியின் குரல் இறங்கிவிடும்.

இறங்கவில்லையென்றால் 14417 என்ற பள்ளிக் கல்வி உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர் கூட்டத்தில் அதே மனுவைக் கொடுங்கள். பள்ளிக்குப் பணம் உண்மையிலேயே வரவில்லையா என்று தெரிய வேண்டுமானால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் முதன்மைக் கல்வி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பம் போடுங்கள். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். "இந்தப் பள்ளிக்கு 2024-25-க்கு ஆர்.டி.இ. ஈட்டுத்தொகை எவ்வளவு, எந்தத் தேதியில் வழங்கப்பட்டது" என்று மட்டும் கேளுங்கள். "ஏன்" என்ற கேள்வி வேண்டாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று அதை அப்படியே தள்ளிவிடுவார்கள்.

டி.சி. என்ற மிரட்டலுக்குப் பயப்படாதீர்கள். எட்டாம் வகுப்பு வரையிலான தொடக்கக் கல்வி முடியும் முன் குழந்தையைப் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. பள்ளியே நீக்க முடியாது என்பதால்தான் நீங்களாக எழுதிக் கேட்க வைக்கப் பார்க்கிறார்கள். கோபத்தில் "டி.சி.யைக் கொடுங்கள்" என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். ஆர்.டி.இ. இடம் அந்தப் பள்ளியோடு கட்டப்பட்டது. டி.சி. வாங்கினால் அது உங்களோடு அடுத்த பள்ளிக்கு வராது.

வேன் கட்டணம் வேறு. பள்ளி வேனில் அனுப்பினால் அதற்குக் கட்டத்தான் வேண்டும். விருப்பத்தின் பேரில் சேரும் நடனம், கராத்தே வகுப்புகளும் அப்படியே. எது வாங்கினாலும் எதற்காக என்று எழுதிய ரசீது வேண்டும். "ஃபீஸ்" என்று மட்டும் போட்ட ரசீதை வாங்காதீர்கள். வேறு வழியே இல்லாமல் 18,000-இல் ஒரு பகுதியைக் கட்ட நேர்ந்தாலும் ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகச் செலுத்தி, "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன், திரும்பக் கோரும் உரிமையுடன்" என்று அன்றே ஒரு கடிதம் கொடுத்து வையுங்கள்.

அந்த 5,000 ரூபாய்க்காரருக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். அவர் செய்யப்போவது மேலே சொன்ன மனுவை டைப் அடிப்பது மட்டும்தான், அதையும் செய்தால். இதே ஆட்கள் சேர்க்கைக் காலத்தில் "சீட் கன்ஃபார்ம்" என்று பத்துப் பேரிடம் வாங்குவார்கள். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல்தான், அதில் யாரும் எதுவும் செய்ய முடியாது. பத்தில் மூன்று பேருக்குத் தானாக விழும். அந்த மூவரின் பணத்தை வைத்துக்கொண்டு, மற்ற ஏழு பேருக்கு "ஆபீஸர் மாறிவிட்டார்" என்று பாதியைத் திருப்பிக் கொடுப்பார்கள். முழுவதையும் திருப்பிக் கொடுப்பவரை "நேர்மையானவர்" என்று அடுத்த ஆண்டு ஊரே சிபாரிசு செய்யும். ஆர்.டி.இ. விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது. வட்டாரக் கல்வி அலுவலகத்திலோ வட்டார வள மையத்திலோ இலவசமாகவே பதிவு செய்து தர வேண்டும். உங்கள் தெருவில் அடுத்த ஆண்டு மூன்று வயது முடியும் குழந்தை இருந்தால், இதை அந்த வீட்டிலும் சொல்லுங்கள்.