மாஞ்சா இல்லாத காற்றாடி

ஐயா,

எங்கள் மகளுக்கு ஒன்பது வயது. ஒரு மாதமாகக் காற்றாடி கேட்கிறாள். என் கணவர் சின்ன வயதில் மொட்டை மாடியில் டீல் போட்டு, அடுத்தவர் காற்றாடியை அறுத்தவர்தான். ஆனால் கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூல் கழுத்தை அறுத்த செய்திகளைப் படித்துவிட்டு, வேண்டவே வேண்டாம் என்கிறார். குடும்பமாகக் காற்றாடி விட இனி வழியே இல்லையா?

ஒரு வாசகி, பெரம்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவரின் பயம் நியாயமானது. பைக்கில் அப்பாவோடு போன குழந்தைகள்கூடச் சென்னையில் மாஞ்சாவுக்குப் பலியாகியிருக்கிறார்கள். 2017 ஜூலையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நைலான் மாஞ்சாவை நாடு முழுக்கத் தடை செய்தது. சென்னைக் காவல்துறையும் தடை போட்டிருக்கிறது. மாஞ்சாவை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள்.

ஆனால் மாஞ்சா தேவைப்படுவது அடுத்தவர் காற்றாடியை அறுக்கத்தான், பறக்கவிட அல்ல. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று ஊரே கூடிப் பட்டம் ஏற்றுகிறது. அங்கே அறுப்பது போட்டியில்லை, பட்டத்தின் வடிவமும் அது பறக்கிற அழகும்தான் போட்டி. சில பட்டங்களில் காற்றில் அதிரும் 'விண்' என்ற நாரைக் கட்டி, வானத்தில் கூவவும் வைப்பார்கள். டீல் பார்த்தே வளர்ந்த எனக்கு அது பெரிய திறப்பாக இருந்தது.

கடையில் வாங்காமல் வீட்டிலேயே செய்யுங்கள். செய்தித்தாள், இரண்டு தென்னை ஈர்க்கு, சோற்றுப் பருக்கை போதும். ஒரு ஈர்க்கு முதுகெலும்பாக நேராக, இன்னொன்று வில்லாக வளைத்துக் குறுக்கே. சூத்திரம் போடுவதை, அதாவது நூலைக் காற்றாடியில் கோத்து முடிச்சுப் போடுவதை மட்டும் உங்கள் கணவரிடம் விட்டுவிடுங்கள், அந்த விரல்கள் மறந்திருக்காது. எனக்கு அதைச் சொல்லித் தந்தது அப்பா. முடிச்சைப் பிடித்துத் தூக்கினால் காற்றாடியின் தலை காற்றைப் பார்த்துக் கொஞ்சம் சாய்ந்து நிற்க வேண்டும் என்பார். மற்ற நேரங்களில் அதிகம் பேசாதவர், சூத்திரம் போடும்போது மட்டும் பேசிக்கொண்டே இருப்பார்.

டீல் காற்றாடிக்கு வால் கிடையாது, அதனால்தான் குழந்தைகள் கையில் அது நிற்பதில்லை. பழைய வேட்டியைக் கிழித்து, காற்றாடியைப் போல ஐந்தாறு மடங்கு நீளத்துக்கு வால் கட்டுங்கள். மேலே போய்ச் சுற்றிச் சுற்றி வந்தால் வால் போதவில்லை. எழும்பவே மாட்டேன் என்றால் வால் கனம், கொஞ்சம் கிழித்துவிடுங்கள். நூல் சாதாரணப் பருத்தி நூல்.

மொட்டை மாடி வேண்டாம். கைப்பிடிச் சுவர், மின்கம்பி, கீழே சாலை, மூன்றுமே ஆபத்து. மெரினாவுக்குப் போங்கள். அங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிற்பகல் கடற்காற்று கிழக்கிலிருந்து வருவதால் காற்றாடி மேற்கே, காமராஜர் சாலைப் பக்கம் போகும். அதனால் தண்ணீர்ப் பக்கமாகத் தள்ளி நின்று, நூறடிக்குமேல் நூல் விடாமல் பாருங்கள். அறுந்தாலும் மணலிலேயே விழும். மகள் கடலுக்கு முதுகு காட்டித்தான் நிற்பாள், ஆகவே உங்களில் ஒருவர் கண் எப்போதும் அலைமேல் இருக்கட்டும்.

ஓட வேண்டியதே இல்லை. உங்கள் கணவர் முப்பதடி தள்ளிக் காற்றாடியைப் பிடித்து நிற்கட்டும். காற்று வரும்போது கையை விட்டால், மகள் நூலைச் சுண்டினாலே எழும்பிவிடும். நூலை முதலிலேயே அவள் கையில் கொடுத்துவிடுங்கள். அப்பா ஏற்றிக் கொடுத்த காற்றாடியைப் பிடித்துக்கொண்டு நிற்பது வேறு, தன் விரலில் அந்த முதல் இழுப்பை உணர்வது வேறு.

கிளம்பும்போது அறுந்த நூலையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். காக்கைகளின் காலில் சிக்கும்.