மடியில் கனம் இருந்தால்தான் என்ன?

கேள்வி: நகரின் மையப் பகுதியில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் கட்டடத்துக்கும் பக்கத்துக் கட்டடத்துக்கும் நடுவே ஒரு சந்து உண்டு. அது வளைந்து திரும்பும் இடத்தில் பூட்டியே கிடக்கும் ஒரு பழைய கதவும் மூன்று படிகளும் இருக்கின்றன. அம்மா போன பிறகு, மதிய இடைவேளையில் தினமும் கால் மணி நேரம் அங்கே போய் உட்காருவேன். சில நாள் அழுவேன், சில நாள் சும்மா இருப்பேன். வீட்டில் எப்போதும் எல்லோரும் இருப்பார்கள். அலுவலகத்திலோ எல்லாமே கண்ணாடிச் சுவர். போன மாதம் அந்தப் படிகளுக்கு நேர் மேலே கறுப்புக் கண்ணாடி மூடிய உருண்டைக் கேமரா ஒன்றை மாட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு என்னால் அங்கே உட்கார முடியவில்லை. தோழியிடம் சொன்னேன். "மடியில் கனமில்லை என்றால் வழியில் பயம் எதற்கு? நீ என்ன திருடவா போகிறாய்?" என்றாள். நான் தப்பாக எதுவும் செய்யவில்லை. ஆனாலும் ஏன் இவ்வளவு கூசுகிறது? இது என் அசட்டுத்தனமா? அந்தக் கேமராவை எடுக்கச் சொல்லிக் கேட்கலாமா?

பதில்: அசட்டுத்தனம் இல்லை. முதலில் உங்கள் தோழி சொன்ன பழமொழிக்கு வருகிறேன். கேமராவைப் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் அதை எடுத்து வீசுகிறார், கேட்பவரும் வாயடைத்துப் போகிறார்.

அந்தப் பழமொழியில் வருகிற ஆள் யார்? வழிப்போக்கன். மடியில் இருக்கும் கனம் என்ன? அவன் முடிந்து வைத்திருக்கும் பணம். வழியில் அவன் யாருக்குப் பயப்படுகிறான்? திருடனுக்கு. கனம் வைத்திருப்பவன் குற்றவாளி என்று அதில் எங்கே வருகிறது? பறிகொடுக்க ஏதோ ஒன்று வைத்திருப்பவன், அவ்வளவுதான். எப்படியோ நாம் அதைத் தலைகீழாகப் புரட்டி, பயப்படுகிறவனே திருடன் என்று ஆக்கிவிட்டோம். உங்கள் மடியில் கனம் இருக்கிறது, அம்மா போன துக்கம். அதை எல்லோர் முன்னாலும் அவிழ்க்க உங்களுக்கு விருப்பமில்லை. இதில் கூச்சப்பட என்ன இருக்கிறது?

"தெருதானே, பொது இடம்தானே, அங்கே என்ன அந்தரங்கம்?" என்று அடுத்ததாக யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். நகரத்தின் நடுத்தெருவில் ஒருவகைத் தனிமை உண்டு, அது வீட்டில்கூடக் கிடைக்காது. அந்தச் சந்தில் உங்களைக் கடந்து போகிறவர் உங்களைப் பார்க்கிறார், நீங்களும் அவரைப் பார்க்கிறீர்கள். அழுகிற பெண் என்று தெரிந்ததும் பார்வையைத் திருப்பிக்கொண்டு நடையைக் கொஞ்சம் வேகமாக்குவார். அது அவர் உங்களுக்குச் செய்யும் மரியாதை. முக்குத் திரும்பியதும் மறந்தும் விடுவார். கேமராவுக்குப் பார்வையைத் திருப்பிக்கொள்ளத் தெரியாது, மறப்பதற்கும் அதற்கு நாள்கணக்கு உண்டு. பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறும் வரை, பெரும்பாலும் சில நாட்களோ ஒரு மாதமோ, உங்கள் அழுகை ஒரு பெட்டிக்குள் கிடக்கும். அதைப் பார்ப்பவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது. பார்க்கிறாரா என்பதும் தெரியாது.

கறுப்புக் கண்ணாடி போட்டு மூடுவதே இதற்காகத்தான். உள்ளே லென்ஸ் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கீழே நிற்பவருக்குத் தெரியக்கூடாது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரமி பெந்தம் என்ற ஆங்கிலேயச் சிந்தனையாளர் ஒரு சிறைச்சாலைக்கு வரைபடம் போட்டார். வட்டமாக அறைகள், நடுவில் ஒரு கோபுரம். கோபுரத்தில் காவலர் இருக்கிறாரா இல்லையா என்பது கைதிக்குத் தெரியாது, ஆகவே எப்போதும் இருப்பதாகவே நினைத்து அடங்கி நடப்பான். காவலரே தேவையில்லை, சந்தேகம் ஒன்று போதும். உங்களை அந்தப் படிகளிலிருந்து எழுப்பியதும் அந்தச் சந்தேகம்தான். யாரும் வந்து "எழுந்து போ" என்று சொல்லவில்லையே!

உங்களுக்காவது போய்ச் சேர ஒரு வீடு இருக்கிறது. சந்துகளையும் படிகளையும் முக்குகளையும் நம்பி இருப்பவர்களை நினைத்துப் பாருங்கள். ஒரே அறையில் நாலு பேரோடு தங்கியிருப்பவர், வேலை போன செய்தியை ஊருக்குப் போனில் சொல்ல ஒதுங்குவது அங்கேதான். கூரை இல்லாதவர் சட்டை மாற்றுவதும் அங்கேதான். வீட்டில் இன்னும் சொல்லாத காதலர்கள் ஐந்து நிமிடம் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் அங்கேதான். கதவைச் சாத்திக்கொள்ள வழியுள்ளவருக்குக் கேமரா ஒரு பொருட்டே இல்லை. வழியில்லாதவருக்கு, இருந்த ஒரே கதவையும் கழற்றிவிட்டது போல. திட்டம் போடுகிறவர்களுக்கு இது உறைக்காமல் இருப்பதில் ஆச்சரியமில்லை, அவர்கள் அறைக்குக் கதவு இருக்கிறது.

சரி, மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அதே சந்து வழியாக இரவு ஒன்பது மணிக்கு வேலை முடிந்து நடந்து போகும் இன்னொரு பெண், "இங்கே ஒரு கேமரா போடுங்கள்" என்று மூன்று முறை எழுதிக் கொடுத்திருக்கலாம். அவருடைய பயமும் உண்மையானது. அவருக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம் கசப்பானது. பொது இடங்களில் கேமரா எவ்வளவு குற்றத்தைத் தடுத்தது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2009-இல் ஒரு மதிப்பாய்வு வந்தது. வாகன நிறுத்தங்களில் நல்ல பலன், குற்றங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. நகர மையங்களில் குறைந்தது மிகச் சொற்பம், அதுவும் கேமராவால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாத அளவு. கார் திருடுகிறவன் கணக்குப் போட்டு வருகிறான், கேமராவைப் பார்த்தால் வேறு இடம் தேடுவான். குடித்துவிட்டு ஆத்திரத்தில் கை ஓங்குகிறவன் அண்ணாந்து பார்ப்பதில்லை. நடந்து முடிந்த பிறகு யார் என்று கண்டுபிடிக்கக் கேமரா உதவும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்பது மணிக்கு அந்தப் பெண்ணுக்கு அதைவிட உதவுவது நல்ல வெளிச்சமும், அந்தச் சந்து பக்கம் பார்த்தபடி திறந்திருக்கும் ஒரு கடையும்தான்.

இப்போது நான் சொல்லப் போகும் சம்பவம் உங்களுடையதற்கு மிக நெருக்கமானது. 1995-ஆம் ஆண்டு, இங்கிலாந்தில் பிரென்ட்வுட் என்ற ஊர். மனம் உடைந்துபோன ஒருவர் இரவு நேரத்தில் கையில் கத்தியோடு நகரின் பிரதான வீதியில் நடந்து போனார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தில் இருந்தார். தெருக் கேமராவை இயக்கிக்கொண்டிருந்தவர் திரையில் அதைக் கவனித்து போலீஸுக்குச் சொல்ல, அவர்கள் வந்து அவரைக் காப்பாற்றினார்கள். இதுவரைக்கும் அந்தக் கேமராவுக்குக் கையெடுத்துக் கும்பிடலாம். அப்புறம் நடந்தது வேறு. "எங்கள் கேமராத் திட்டம் எவ்வளவு பயனுள்ளது பாருங்கள்" என்று காட்டிக்கொள்ள, உள்ளூர் நிர்வாகம் அந்தப் படங்களை வெளியே கொடுத்தது. பத்திரிகையில் வந்தது, தொலைக்காட்சியில் வந்தது. முகத்தைச் சரியாக மறைக்கவும் இல்லை. அவருடைய நண்பர்களும் உறவினர்களும் திரையில் அவரை அடையாளம் கண்டுகொண்டார்கள். சொந்த நாட்டு நீதிமன்றத்தில் தோற்று, கடைசியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார். 2003-இல் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. தெருவில் நடந்ததாலேயே ஒருவருடைய வாழ்க்கை ஊருக்குப் பொதுவாகிவிடாது, வழிப்போக்கர் ஒருவர் பார்ப்பதும் இப்படி ஊரறியப் பரப்புவதும் ஒன்றல்ல என்று நீதிபதிகள் சொன்னார்கள்.

காப்பாற்றியதும் அதே கேமரா, காட்டிக்கொடுத்ததும் அதே கேமரா. இரண்டுக்கும் இடையில் இருந்தது ஒரு மனிதரின் முடிவு மட்டுமே. அதனால் உங்களுக்கு நான் சொல்வது, உருண்டையோடு சண்டை போடாதீர்கள், அதற்குப் பின்னால் இருக்கும் ஆளைக் கண்டுபிடியுங்கள்.

அதற்கு முன் அந்த உருண்டையையும் கொஞ்சம் புரிந்துகொள்ளுங்கள். உள்ளங்கையில் அடங்கும் அளவு என்றால் பெரும்பாலும் உள்ளே லென்ஸ் சுழலாது. மாட்டிய அன்று கையால் எந்தப் பக்கம் திருப்பி வைத்தாரோ அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும். தேங்காய் அளவுக்குப் பெரியதாக இருந்தால் சுழலக்கூடியதாக இருக்கலாம். வெளிச்சம் மங்கிய நேரத்தில் கைபேசி டார்ச்சை அதன் மேல் அடித்துப் பாருங்கள், கறுப்புக் கண்ணாடிக்குள் லென்ஸ் மினுங்குவது தெரியலாம். அது படிகளைப் பார்க்காமல் சந்தின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது.

"முகமெல்லாம் தெளிவாகத் தெரியாதும்மா" என்று செக்யூரிட்டி சமாதானம் சொல்லக்கூடும். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் சொல்ல, காட்சியின் ஒவ்வொரு மீட்டர் அகலத்துக்கும் படத்தில் 250 பிக்சல், அதாவது சின்னப் புள்ளிகள், வேண்டும் என்று இந்தத் துறையில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். சாதாரண கேமராவின் படம் 1,920 பிக்சல் அகலம். வகுத்துப் பார்த்தால் ஏழரை மீட்டர் அகலக் காட்சி வரைதான் அந்தத் தெளிவு. அகல லென்ஸ் என்றால் கேமராவிலிருந்து மூன்று நாலு மீட்டருக்குள் நிற்க வேண்டும். மூன்று படிகளுக்கு நேர் மேலே இருப்பது அதற்குள்தான் வரும்! அது போகட்டும், இந்தக் கணக்கு அந்நியர்களுக்கானது. உங்களோடு தினமும் வேலை செய்பவருக்கு முகமே தேவையில்லை. தோளில் தொங்கும் பையும், நீங்கள் குனிந்து உட்காரும் விதமும் போதும்.

திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் யாரைப் பார்க்கிறார் என்பதும் கவலைப்பட வேண்டிய விஷயம்தான். 1990-களில் பிரிட்டனில் இரண்டு ஆய்வாளர்கள் கட்டுப்பாட்டு அறைகளுக்குள்ளேயே போய் உட்கார்ந்து கவனித்தார்கள். என்ன செய்தார்கள் என்பதைவிட எப்படித் தோற்றமளித்தார்கள் என்பதை வைத்தே இளைஞர்களை, அதிலும் கறுப்பின இளைஞர்களை, கேமரா அதிகம் துரத்தியது. சில பெண்களைத் துரத்தியதற்குக் காரணம் பாதுகாப்பே இல்லை, வெறும் வேடிக்கை பார்க்கும் ஆசை.

ஆக, செய்ய வேண்டியது. கேமராவுக்குக் கீழேயோ சந்தின் வாயிலிலோ அறிவிப்புப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள், யாருடையது என்று அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு கட்டடங்களின் நிர்வாக அலுவலகத்திலும் விசாரியுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம், எழுத்தில் கொடுங்கள். அம்மா, அழுகை எதையும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. இப்படி எழுதினால் போதும்:

"சந்தின் திருப்பத்தில் உள்ள படிகளுக்கு மேலே கேமரா மாட்டப்பட்டுள்ளது. அது எதற்காக மாட்டப்பட்டது, பதிவுகள் எத்தனை நாள் வைக்கப்படுகின்றன, அவற்றை யார் யார் பார்க்கலாம், ஒலியும் பதிவாகிறதா என்பதைத் தெரிவிக்கவும். அந்தப் படிகள் மக்கள் உட்கார்ந்து இளைப்பாறும் இடம். படிகள் வரும் பகுதியைப் படத்தில் மறைத்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

கடைசி வரிதான் முக்கியம். இப்போதைய கேமராக்கள் பலவற்றில், படத்தின் ஒரு பகுதியைக் கறுப்புக் கட்டம் போட்டு நிரந்தரமாக மறைக்கும் வசதி இருக்கிறது. எதிர்வீட்டு ஜன்னல் தெரியாமல் இருக்க அதைப் பயன்படுத்துவார்கள். ஐந்து நிமிட வேலை. "கேமராவை எடு" என்றால் நிர்வாகம் முறுக்கிக்கொள்ளும், "இந்த மூலையை மட்டும் மறை" என்றால் மறுக்கக் காரணம் தேட வேண்டியிருக்கும். ஒலியைப் பற்றிக் கேட்கச் சொன்னதற்குக் காரணம், சில கேமராக்களில் மைக்கும் உண்டு. சுவருக்கும் காது உண்டு என்பது இப்போது பழமொழி இல்லை, வசதிப் பட்டியலில் ஒரு வரி.

பதில் சொல்ல அவர்கள் கடமைப்பட்டவர்களா என்பது நீங்கள் இருக்கும் நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2018 முதல், உங்களைப் பற்றிய பதிவின் நகலையே கேட்டு வாங்கலாம், வழக்கமாக ஒரு மாதத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். சட்டம் அவ்வளவு கண்டிப்பாக இல்லாத இடத்திலும் கடிதம் வேலை செய்யும். கேட்க ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தாலே பதிவுகளை அலட்சியமாகக் கையாளத் தயங்குவார்கள். பிளாஸ்திரி ஒட்டுவது, பெயின்ட் அடிப்பது எல்லாம் வேண்டாம். அதுவும் பதிவாகும், அப்புறம் உங்கள் மேல்தான் புகார் வரும்.

கேமராவே இல்லாத வேறு சந்து தேடலாமே என்றும் தோன்றியிருக்கும். 2001-இல் நியூயார்க்கில் ஒரு கலைஞர் குழு இதையே ஒரு வரைபடமாக்கி இணையத்தில் வைத்தது. கிளம்பும் இடத்தையும் போகும் இடத்தையும் சொன்னால், மிகக் குறைந்த கேமராக்களில் படும் வழியைக் காட்டும். வழி சுற்றிச் சுற்றிப் போகும். கால் மணி நேர இடைவேளையில் உங்களுக்கு அது கட்டுப்படியாகாது.

பதில் வரும் வரை அந்தப் படிகளை விட்டுக்கொடுக்காதீர்கள். கேமராவுக்கு முதுகைக் காட்டி, பூட்டிய கதவைப் பார்த்து உட்காருங்கள். கட்டம் போட்டுவிட்டதாகச் சொன்னால் நம்பிவிட்டுத் திரும்பாதீர்கள். உங்கள் தோழியைப் படிகளில் உட்காரச் சொல்லிவிட்டு, நீங்கள் உள்ளே போய்த் திரையைக் காட்டச் சொல்லுங்கள். அவர் தெரியக்கூடாது.