உலர்த்தியதும் கடத்துதிறன் விழுந்தது ஏன்?

கேள்வி: பாலிஎத்திலீன் ஆக்சைடும் லித்தியம் டிஎஃப்எஸ்ஐ உப்பும் சேர்த்து, பேட்டரிக்கான திட மின்பகுளிப் படலம் (அயனிகளைக் கடத்தும் பாலிமர் தாள்) வார்த்தேன். முதல் நாள் அறை வெப்பத்தில் கடத்துதிறன் 10⁻⁴ சீமன்ஸ்/செ.மீ. வந்தது. வெற்றிட அடுப்பில் உலர்த்தியபின் 10⁻⁶தான். படலம் கெட்டுவிட்டதா?
– ஆராய்ச்சி மாணவி, கோவை

பதில்: கெடவில்லை. இரண்டாவது எண்தான் படலத்தின் உண்மையான எண். முதலில் நீங்கள் அளந்தது உள்ளே தங்கிய அசிட்டோநைட்ரில் கரைப்பானின் வேலை. அந்த மிச்சத்தோடு செல் கட்டினால் அது லித்தியத்தோடு வினைபுரிந்து இரண்டும் தொடும் இடத்தின் மின்தடையை (இடைமுகத் தடையை) நாளுக்கு நாள் ஏற்றும்.

உப்பு காற்றின் ஈரத்தை உடனே இழுக்கும். அதை 120 டிகிரி வெற்றிடத்தில் ஓர் இரவும், பாலிமரை 50 டிகிரியிலும் உலர்த்துங்கள். 65ஐ ஒட்டிப் பாலிமர் உருகிவிடும். லித்தியம் ஒன்றுக்கு 20 ஆக்சிஜன் என்ற விகிதத்துக்கு 1 கிராம் பாலிமருக்கு 0.33 கிராம் உப்பு. உப்பை முதலில் கரைப்பானில் கரைத்து, பாலிமரைக் கலக்கியபடியே சிறிது சிறிதாகத் தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் கட்டியின் வெளிப்புறம் ஊறி, உள்ளே தூள் அப்படியே நிற்கும்.

டெஃப்லான் தட்டில் ஊற்றியதும் மூடியைச் சற்றே விலக்கி, உலர்ந்த ஆர்கானில் ஒரு நாள் விடுங்கள். அவசரப்பட்டுச் சூடாக்கினால் மேலே ஆடை படியும். அடியில் சிக்கிய ஆவி குமிழியாகி ஊசித்துளை போடும். பின்னாளில் லித்தியம் டெண்ட்ரைட் (கிளைவிட்டு வளரும் உலோக ஊசி) நுழைய அதுவே வழி. பிறகு வெற்றிடத்தில் 50–60 டிகிரி. எடை மாறாமல் நிற்கும்வரை. அகச்சிவப்பு நிறமாலையில் 2250 செ.மீ.⁻¹ அருகே நைட்ரைல் முகடு தெரிந்தால் கரைப்பான் இன்னும் போகவில்லை.

அளவீட்டிலும் கவனம் வேண்டும். 70 டிகிரிக்குச் சூடாக்கி ஆறிய கையோடு அளந்தால் எண் கூடுதலாக வரும். அயனி ஓட்டத்தைத் தடுக்கும் படிகம் திரும்ப உருவாக நேரமெடுக்கும். உருகிய படலம் அழுத்தத்தில் பிதுங்கி மெலியும் என்பதால் டெஃப்லான் வளையத்துக்குள் வைத்து, செல்லைப் பிரித்தபின் தடிமனை மறுபடி அளந்து கணக்கிடுங்கள்.

கேள்வி: அறை வெப்பத்தில் 10⁻⁶ என்றால் இந்தப் பாலிமரால் என்ன பயன்?

பதில்: சூடாக்கிப் பயன்படுத்தலாம். 70 டிகிரியில் 10⁻⁴ஐத் தாண்டும். பாரிஸில் 2011 முதல் 2018 வரை ஓடிய ஆட்டோலிப் வாடகைக் கார்களின் லித்தியம் உலோக பாலிமர் பேட்டரிகள் அப்படிச் சூடாகவே வைக்கப்பட்டன. நேர்மின்முனைக்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட்டே பொருத்தம். 4 வோல்ட்டை நெருங்கினால் இந்தப் பாலிமர் ஆக்சிஜனேற்றம் அடைந்து சிதையும்.