மருத்துவர் பதில்: மனக்கவலையா, நிறுத்திய குளிசையா?

கேள்வி: எனக்கு வயது 63. முடக்குவாதத்துக்கு இரண்டு வருடமாகப் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டெரொயிட் குளிசை 7.5 மில்லிகிராமும் வேறு குளிசைகளும் எடுத்துவந்தேன். கனடாவில் இருக்கும் மகன்தான் மருத்துவக் காப்புறுதி எடுத்துத் தந்தான். வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதியதிலிருந்து அவன் பேசுவதில்லை. தவணைப் பணமும் நின்றுவிட்டது. அதற்கு முன் அனுப்பிய பில்களையும் ‘முன்பே இருந்த நோய்’ என்று நிறுவனம் நிராகரித்தது. ஸ்டெரொயிட் எலும்பை அரித்துவிடும் என்று யூடியூபில் வேறு பார்த்தேன். மூன்று வாரங்களுக்கு முன் எல்லாக் குளிசைகளையும் நிறுத்திவிட்டேன். மூட்டு நோவுக்குப் பாமசியில் டைக்ளோபெனக் வாங்கி விழுங்குகிறேன். இப்போது களைப்பு, எடைக்குறைவு, முடி உதிர்வு, கால்விரல் விறைப்பு, நித்திரையின்மை. கட்டிலை விட்டு எழும்பினால் கண் இருட்டுகிறது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். மீன் கறி கொதிக்கும் மணத்துக்கே வயிற்றைப் பிரட்டுகிறது. மகனை வரவழைக்க நடிக்கிறேன் என்று வீட்டில் சொல்கிறார்கள். புற்றுநோயாக இருக்குமோ?
ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: நீங்கள் நடிக்கவில்லை, அம்மா. அப்படிச் சொன்னவர்களையே கூட்டிக்கொண்டு இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அடுத்த கிளினிக் நாள்வரை பொறுத்திருக்கிற விடயம் அல்ல இது.

நீங்கள் எழுதிய பட்டியலில் என்னைப் பயமுறுத்துவது ஒன்றே ஒன்றுதான்: பிரெட்னிசோலோனை நிறுத்திய பிறகு, எழும்பினால் கண் இருட்டுவதும் கூடவே வரும் குமட்டலும். நமது சிறுநீரகங்களின் மேல் தொப்பி வைத்தாற்போல் இரண்டு சிறிய சுரப்பிகள் இருக்கின்றன. அதிரீனல் என்று பெயர். இரத்த அழுத்தம் விழாமலும் சீனி ஒரேயடியாகக் குறையாமலும் காக்கும் கோர்ட்டிசோலை அவைதான் சுரக்கின்றன. அதே வேலையைச் செய்யும் குளிசையை நாளாந்தம் விழுங்கும்போது, மூளையின் அடியிலிருந்து போகும் கட்டளை நின்றுவிடுகிறது, சுரப்பியும் சுருங்கிவிடுகிறது. இதற்கு மூன்று நான்கு வாரங்களே போதும். நீங்கள் எடுத்ததோ இரண்டு வருடம். குளிசையை நிறுத்திய மறுநாளே சுரப்பி விழித்துக்கொள்ளாது. பழைய நிலைக்கு வரச் சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். இடைப்பட்ட காலத்தில் உடம்புக்கு வெளியிலிருந்தும் கிடைப்பதில்லை, உள்ளேயும் சுரப்பதில்லை. களைப்பு, பசியின்மை, எடைக்குறைவு, குமட்டல், மயக்கம் எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன. மகனை நினைத்து அழுதால் நித்திரை போகலாம், சாப்பாடு இறங்காமல் போகலாம். ஆனால் ஒவ்வொரு நாள் காலையிலும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்க வைக்கிற வேலையைக் கவலையின் தலையில் கட்டக் கூடாது.

இந்த நிலையில் ஒரு காய்ச்சலோ வயிற்றோட்டமோ வந்தால் உடம்புக்குத் தேவையான கோர்ட்டிசோல் பல மடங்காகிவிடும். கொடுக்க ஆள் இல்லை. இரத்த அழுத்தம் சரிந்து, பேச்சுக் குழம்பி, நினைவு தப்பும். உயிருக்கே ஆபத்து. வாந்தி நிற்காவிட்டாலோ, எழுந்து நிற்கவே முடியாவிட்டாலோ ஓட்டோவுக்காகக் காத்திருக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். கட்டணம் கிடையாது.

பாமசியில் கதிரையில் இருத்திப் பிரஷர் பார்த்துவிட்டு ‘நோர்மல்’ என்று சொல்லியிருந்தால் அதை நம்பாதீர்கள். படுத்திருக்கும்போது ஒருமுறை, எழும்பி மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறை பார்க்க வேண்டும். மேல் அளவு 20 புள்ளிகளோ அதற்கு மேலோ இறங்கினால் கவனிக்க வேண்டிய விடயம். இறங்காவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான்.

கையில் பழைய பிரெட்னிசோலோன் மிச்சம் இருந்தால் வழக்கமான அளவை விழுங்கிவிட்டுப் புறப்படுங்கள். களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலை உங்கள் ஊரிலேயே இருக்கிறது. தேவையென்றால் அவர்களே மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். உள்ளே போனதும் முடி உதிர்வில் தொடங்காதீர்கள். “இரண்டு வருடம் ஸ்டெரொயிட் எடுத்தேன், மூன்று வாரமாக நிறுத்திவிட்டேன், எழும்பினால் மயக்கம் வருகிறது.” முதல் வசனம் இதுவாக இருக்கட்டும். குளிசை மட்டையையும் கிளினிக் கொப்பியையும் காட்டுங்கள். இதைச் சொல்லாமல் வாந்தி என்று மட்டும் சொன்னால், சேலைனை ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிடக்கூடும். பிறகு கொப்பியின் மேலட்டையில் நீண்டகாலம் ஸ்டெரொயிட் எடுப்பவர் என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதித் தரச் சொல்லுங்கள். நாளைக்கு அம்பாறையில் மயங்கி விழுந்தாலும் பார்க்கிற மருத்துவருக்குப் புரிய வேண்டும்.

ஸ்டெரொயிட் எலும்பைத் தேய்க்கும் என்று யூடியூப்காரர் சொன்னது உண்மைதான். அதற்குத்தான் கல்சியமும் விற்றமின் டி-யும் கொடுத்து, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக மாதக்கணக்கில் குறைத்துக்கொண்டு வருகிறோம். பாதி உண்மையைச் சொல்லி நிறுத்தச் சொன்னவர், இரவு இரண்டு மணிக்கு நீங்கள் மயங்கி விழும்போது வந்து தூக்கப் போவதில்லை. டைக்ளோபெனக்கை உடனே நிறுத்துங்கள். சாப்பாடு இறங்காமல் பிரஷரும் குறையும் நேரத்தில் அது வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். கேட்டவுடன் மட்டையோடு எடுத்துக் கொடுத்த பாமசிக்காரரிடம் எனக்குத் தனிக் கோபம் உண்டு.

முடி உதிர்வை விடுங்கள், உடம்பு தேறினால் முளைக்கும். விரல் விறைப்புக்கு இரத்தத்தில் சீனியைப் பரிசோதியுங்கள். புற்றுநோய்க் கதை இப்போது வேண்டாம்; எடை குறைந்ததற்குக் காரணம் கண்முன்னே இருக்கிறது. மருந்தை மறுபடி தொடங்கி ஓரிரு மாதத்தில் எடை ஏறாவிட்டால் மட்டும் தேடுவோம்.

காப்புறுதிக்கு வருவோம். வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெற்றால்தான் பல காப்புறுதிகளில் பணம் கிடைக்கும். மாதாந்தக் குளிசைக்கு அதை நம்பியிருப்பதில் பயனில்லை. அரச கிளினிக்கில் காட்டுவதற்குப் பணம் கட்டத் தேவையில்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு சில மருந்துகளை வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதுவது உங்களுக்கும் தெரிந்திருக்கும். அப்படி எழுதினாலும் பிரெட்னிசோலோன் மிக மலிவான குளிசைகளில் ஒன்று. ஆகவே காசு இல்லாமல்தான் நிறுத்தினீர்கள் என்பதை நான் முழுதாக நம்பவில்லை, அம்மா. ‘அவன் கட்டாவிட்டால் எனக்கு மருந்தே வேண்டாம்’ என்ற வீம்பும் கொஞ்சம் கலந்திருக்கிறது. அந்த வீம்பைக் காட்ட வேறு வழி பாருங்கள்.

நிராகரித்த காரணத்தை நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். காப்புறுதி எடுத்தபோது முடக்குவாதத்தை விண்ணப்பத்தில் எழுதினீர்களா என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. எழுதியிருந்தும் மறுத்தால் முதலில் நிறுவனத்துக்கே முறையிடுங்கள். பதில் திருப்தி தராவிட்டால் காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனுக்கு எழுதலாம். மகள் எழுதிக் கொடுப்பார்.

பெண்பிள்ளைக்கு வீடு எழுதுவது நம் மட்டக்களப்புப் பக்கத்து வழக்கம். மகனுக்கும் அது தெரியாததல்ல, தெரிந்தாலும் நோகும். அதற்கு என்னிடம் குளிசை இல்லை. மருத்துவராக ஒன்றுதான் சொல்வேன்: ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து ‘நான் சாகக் கிடக்கிறேன்’ என்று மகனை அழைக்காதீர்கள். வீட்டார் சொன்ன ‘நடிப்பு’ என்ற சொல் அவர் வாயிலும் வந்துவிடும். இரண்டு மூன்று வாரம் கழித்து, தலை சுற்றாமல் நிமிர்ந்து உட்கார முடிகிறபோது நீங்களே அழையுங்கள். காப்புறுதி இலக்கம் தேவையென்றால் அதை மகள் தனியாகக் கேட்கட்டும். உங்கள் அழைப்பில் தவணைப் பணத்தைப் பற்றிய பேச்சு வேண்டாம்.