யார் ஏலம் விடுவது?

அன்புள்ள ஐயா,

நாமக்கல் பக்கம் ஒரு நகைக் கடன் நிறுவனத்தின் கிளையில் வேலை செய்கிறேன். பி.காம். படித்தவள். வாடிக்கையாளர்களுக்குப் போகும் தமிழ்க் கடிதங்களை எழுதும் பொறுப்பு ஆறு மாதமாக என்னிடம் இருக்கிறது. தலைமை அலுவலகத்திலிருந்து ஆங்கில மாதிரி வரும், நான் தமிழில் எழுதி அனுப்ப வேண்டும். போன வாரம் ஒரு ஏல அறிவிப்பில் ஒற்றுப்பிழை என்று மேலாளர் சிவப்பு மையால் வட்டம் போட்டு, "முதலில் இலக்கணம் படிம்மா" என்றார். அந்த வரி இதுதான்:

"தங்களால் பெறப்பட்ட கடன் தொகைக்கான வட்டி செலுத்தப்படாத நிலையில், தங்களது நகைகள் ஏலத்தில் விடப்பட நடவடிக்கை மேற்கொள்ளப்படும் என்பது இதன் மூலம் தங்களுக்கு தெரியப்படுத்தப்படுகிறது."

நான் நன்னூல் படிக்க வேண்டுமா? மூன்று மாதத்தில் கற்றுத்தரும் வகுப்பு உண்டா? பிழைதிருத்தி மென்பொருள் போதாதா? வாழ்த்துகளா, வாழ்த்துக்களா என்பதிலும் குழப்பம். ஆபீஸ் தமிழ்தானே, இதற்குப் போய் இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றும் தோன்றுகிறது.

எஸ்., நாமக்கல்

அன்புள்ள எஸ்.,

மேலாளர் போட்ட வட்டம் சரி. "தங்களுக்கு" என்பதில் நான்காம் வேற்றுமை உருபு வெளிப்படையாக நிற்கிறது, அடுத்து தகரம் வருகிறது. ஆகவே "தங்களுக்குத் தெரிய" என்று ஒற்று மிகும். ஆனால் அந்த வரியில் இருக்கும் குறைகளில் ஆகச் சிறியது அதுதான். அதை மட்டும் வட்டமிட்டுவிட்டு மற்றதை அவர் விட்டுவிட்டாரே என்பதுதான் எனக்கு ஆற்றாமை. வங்கி, காப்பீடு, மருத்துவமனை, மின்வாரியம் என்று எங்கிருந்து வரும் தாளைப் பிரித்தாலும் இதே வரி வேறு வேறு உடையில் வந்து நிற்பதைப் பற்றிப் பல நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் சரியான நேரத்தில் வந்தது.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். வாழ்த்துகள் என்றே எழுதுங்கள். பிழைதிருத்தியை வைத்துக்கொள்ளுங்கள், விட்டுப்போன ஒற்றுகளில் பலவற்றைக் காட்டும். ஆனால் நீங்கள் அனுப்பிய வரியில் அந்த ஒரு "த்"தைச் சேர்த்துவிட்டால் அதற்கு மேல் அதனிடம் சொல்ல ஒன்றும் இருக்காது. வகுப்பு வேண்டாம். நன்னூலை ஆசையிருந்தால் பிறகு படியுங்கள். கடிதம் எழுதுவதற்காகப் படிக்கப் போனால் எழுத்ததிகாரத்தின் பாதியிலேயே அலுத்து மூடிவிடுவீர்கள்.

ஒற்றுக்கு இவ்வளவு போதும். ஐ, கு என்ற உருபுகள் வெளிப்படையாக வந்தால் மிகும்: நகையைத் திருப்பி, கிளைக்குச் சென்று. அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி என்பவற்றுக்குப் பின்னும் மிகும். வட்டிக் கணக்கு, தவணைத் தொகை, காசோலைப் புத்தகம் போன்ற கூட்டுச் சொற்களில் மிகும். "அனுப்பிய பணம்" போன்ற பெயரெச்சத்தில் மிகாது. "எடுத்துக் கொடுத்தோம்" மிகும், "செய்து கொடுத்தோம்" மிகாது. முன்னதில் "து"வுக்கு முன் வல்லின ஒற்று இருக்கிறது, பின்னதில் இல்லை. உங்கள் அலுவலகக் கடிதங்களில் வரும் ஒற்றுச் சிக்கலில் பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடும். பெறுநர், அனுப்புநர் இரண்டுக்கும் "ந" போடுங்கள். தொகையை எழுத்தில் எழுதும்போது 300 என்பது முந்நூறு. முன்னூறு என்று எழுதாதீர்கள்.

இப்போது அந்த வரிக்கு வருவோம். "படு" எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். பெறப்பட்ட, செலுத்தப்படாத, விடப்பட, மேற்கொள்ளப்படும், தெரியப்படுத்தப்படுகிறது. ஒரே வாக்கியத்தில் ஐந்து. கடன் வாங்கியவர் மட்டும் "தங்களால்" என்று பிடிபட்டுவிட்டார். ஏலம் விடப்போவது யார்? நடவடிக்கை எடுக்கப்போவது யார்? தெரிவிப்பது யார்? பெயரே இல்லை. கடன் வாங்கியவரைக் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, நிறுவனம் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. இப்படி எழுதுவது மரியாதை என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். மரியாதையில்லை, நழுவல்.

"படு" தமிழுக்கு அந்நியம் என்று நான் சொல்லவில்லை. செயப்படுபொருள் என்ற இலக்கணச் சொல்லுக்குள்ளேயே அது உட்கார்ந்திருக்கிறது. செய்தவர் யாரென்று தெரியாதபோதும், தெரிந்து பயனில்லாதபோதும் அதற்கு இடம் உண்டு: "காலையில் வந்து பார்த்தபோது பூட்டு உடைக்கப்பட்டிருந்தது." ஆனால் செய்தவரைச் சொல்லாமல் விடத் தமிழுக்கு அதைவிட எளிய வழிகளும் இருக்கின்றன. திண்ணையை யாரோ மெழுகியிருக்க, திண்ணையே மெழுகிக்கொண்டதுபோல் "திண்ணை மெழுகிற்று" என்று சொல்லும் வழக்கைத் தொல்காப்பியமே மரபு என்று ஏற்கிறது. இன்றைய பேச்சில் தன்வினை, அதாவது காரியம் தானே நடந்ததுபோல் சொல்லும் வினை, அந்த வேலையைச் செய்கிறது. பணம் பெறப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை, பணம் வந்து சேர்ந்தது. வட்டி சேர்க்கப்பட்டுள்ளது என்பதைவிட வட்டி சேர்ந்திருக்கிறது. கணக்கு முடிக்கப்பட்டது என்பதைவிடக் கணக்கு முடிந்தது. கவுன்டரில் நின்று நீங்களும் இப்படித்தானே பேசுகிறீர்கள்? பேனாவை எடுத்ததும் ஏன் வேறு ஆளாக மாறிவிடுகிறீர்கள்?

இதைவிட மோசமான இடம் "செலுத்தப்படாத நிலையில்". இதற்கு என்ன பொருள்? வட்டி கட்டவில்லை, அதனால் ஏலம் உறுதி என்றா? இனிமேலும் கட்டாவிட்டால் ஏலம் என்றா? ஒன்று நடந்துவிட்டதைச் சொல்கிறது, மற்றது நிபந்தனை. ஒன்றில் நகை போய்விட்டது, மற்றதில் இன்னும் வழியிருக்கிறது. "நிலையில்" என்ற சொல் இந்த இரண்டையும் குழைத்து ஒன்றாக்கிவிடுகிறது. அதைப் படிப்பவர் அழுவதா, ஓடிப்போய்ப் பணம் புரட்டுவதா என்று தெரியாமல் நிற்பார். "கட்டவில்லை", "கட்டாவிட்டால்" என்று இரண்டு தெளிவான சொற்கள் நம்மிடம் இருக்கும்போது ஏன் இந்தக் கொடுமை?

வினைமுதல், அதாவது செயலைச் செய்பவர், மறைவதால் வரும் இன்னொரு கோளாறையும் சொல்ல வேண்டும். அலுவலகத் தமிழில் இதைப் போலப் பரவிய பிழை வேறில்லை. "விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து, ஆவணங்களை இணைத்து, சரிபார்த்து, கடன் வழங்கப்படும்." பூர்த்தி செய்வது வாடிக்கையாளர். இணைப்பது அவரா, ஊழியரா? சரிபார்ப்பது யார்? "செய்து" என்ற வாய்பாட்டில் வரும் வினையெச்சம் தன் வினைமுதலின் வினையைக் கொண்டுதான் முடிய வேண்டும் என்பது பழைய விதி. வந்து உட்கார்ந்தார் என்றால் வந்தவரும் உட்கார்ந்தவரும் ஒருவரே. "மழை பெய்து நெல் விளைந்தது" என்பது மட்டும் தப்பிக்கிறது, ஏனென்றால் அங்கே பெய்து என்பதற்குப் பெய்ததால் என்று காரணப் பொருள். உங்கள் விண்ணப்ப வரிக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆள் மாறும் இடத்தில் எச்சத்தையும் மாற்றுங்கள்: "நீங்கள் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து, ஆவணங்களை இணைத்துக் கொடுங்கள். எங்கள் அலுவலர் சரிபார்த்த பிறகு கடன் தருவோம்." செய்து, இணைத்து இரண்டும் வாடிக்கையாளருடையவை, அதனால் சேர்ந்து நிற்கலாம். அலுவலர் வரும்போது வாக்கியத்தை முறித்தாயிற்று. இறுதியில் "வழங்கப்படும்" என்று போட்டால் ஆள் மாறியதே தெரியாது. எழுதியவருக்கும் தெரியாது, படித்தவருக்கும் தெரியாது. ஆவணம் இணைக்கவில்லை என்று மூன்று முறை அலைந்த பிறகுதான் தெரியும்.

வினைமுதலை வெளியே கொண்டுவந்ததும் அடுத்த கேள்வி எழும்: நாமா, நாங்களா? நம் மொழியில் இரண்டும் வேறு. "நாம்" கேட்பவரையும் சேர்க்கும், "நாங்கள்" சேர்க்காது. "நமது நிறுவனம் உங்கள் நகையை ஏலம் விடும்" என்று எழுதிப் பாருங்கள். தன் சங்கிலியைத் தானே ஏலம் விடும் கூட்டத்தில் கடன் வாங்கிய அம்மாவையும் சேர்த்துவிட்டீர்கள். வாடிக்கையாளருக்கு எழுதும்போது எங்கள் கிளை, எங்கள் அலுவலர் என்றே எழுதுங்கள். ஊழியர்களுக்குள் போகும் சுற்றறிக்கையில் நமது வரட்டும். தங்கள், உங்கள் இரண்டில் எதுவும் தவறில்லை. ஒரு கடிதத்துக்குள் ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அனுப்பிய வரியை நான் இப்படி எழுதுவேன். தொகையும் தேதியும் கற்பனை. ஏல நிபந்தனை உங்கள் கடன் ஒப்பந்தத்தில் உள்ளபடி இருக்க வேண்டும்.

"நீங்கள் 2025 மார்ச் 10 அன்று எங்கள் கிளையில் 12 கிராம் சங்கிலியை அடகு வைத்து 60,000 ரூபாய் கடன் வாங்கினீர்கள். மாதம் 900 ரூபாய் வீதம் அக்டோபர் 10 வரை ஏழு மாத வட்டி 6,300 ரூபாய் (ஆறாயிரத்து முந்நூறு ரூபாய்). இந்த வட்டியை நீங்கள் இன்னும் கட்டவில்லை. அக்டோபர் 10, வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குள் கிளைக்கு வந்து கட்டுங்கள். கட்டாவிட்டால், நவம்பர் 12, புதன்கிழமை காலை 11 மணிக்கு எங்கள் கிளையில் சங்கிலியை ஏலம் விடுவோம். அதற்கு முன்பு கடனையும் வட்டியையும் முழுதாகக் கட்டிச் சங்கிலியை மீட்டுக்கொள்ளலாம். ஏலத்தில் கிடைக்கும் பணம் நீங்கள் தர வேண்டியதைவிடக் கூடுதலாக இருந்தால் மீதியை உங்களிடம் தருவோம்."

நீளம் கூடிவிட்டது என்று மேலாளர் சொல்வார். சொல்லட்டும். பழைய வரியில் தொகை இல்லை, தேதி இல்லை, மீட்கும் வழி இல்லை. இவற்றைக் கேட்கத்தான் ஆட்கள் கிளைக்கு போன் செய்கிறார்கள், நீங்களும் நாள் முழுக்கப் பதில் சொல்கிறீர்கள். "ஏழு நாட்களுக்குள்" என்று எழுதாமல் தேதியைப் போட்டதையும் கவனியுங்கள். ஏழு நாள் எதிலிருந்து? கடிதத் தேதியிலிருந்தா, தபால் கைக்கு வந்த நாளிலிருந்தா? "10ஆம் தேதி வரை" என்றால் 10ஆம் தேதியும் சேர்த்தியா என்று ஒருவர் கேட்பார். மணியைப் போட்டுவிட்டால் அந்த வழக்கே இல்லை. "எல்லா நகைகளும் திருப்பித் தரப்படவில்லை" என்பதும் இதே சாதி. ஒன்றுகூடத் தரவில்லையா, சிலவற்றைத் தந்து சிலவற்றைத் தரவில்லையா? "ஒரு நகையையும் தரவில்லை" அல்லது "இரண்டு வளையல்களைத் தரவில்லை" என்று எழுதுங்கள்.

ஆபீஸ் தமிழ்தானே என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்துத்தான் எனக்குக் கோபம் வந்தது. கடன் வாங்கியவருக்குப் போகும் தகவல் அவருடைய வட்டார மொழியிலோ அவருக்குப் புரியும் மொழியிலோ இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் நியாய நடைமுறை விதிகள் உங்களைப் போன்ற நிறுவனங்களுக்குச் சொல்கின்றன. ஏல விளம்பரத்தை இரண்டு நாளிதழ்களிலாவது, அதில் ஒன்று வட்டார மொழியில், வெளியிட வேண்டும் என்பதும் விதி. தமிழில் அச்சடித்துவிட்டாலே புரியும் மொழியாகிவிடுமா? உங்கள் கடிதத்தை வாங்குபவர்களில் எத்தனையோ பேர் அதைத் தாமே படிப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். "மேற்கொள்ளப்படும் என்பது இதன் மூலம்" என்று அந்தப் பிள்ளை திக்கித் திக்கிப் படித்தால், கேட்பவர் வயிற்றில் என்ன கரையும் என்று யோசியுங்கள். அந்தத் தாளில் இருப்பது அவர்களுடைய தாலிச் சங்கிலியாகவும் இருக்கலாம் அம்மா. இதைவிடக் கவனமாக எழுத வேண்டிய தமிழ் எது?

பழக வேண்டிய முறை எளிது. கோப்பில் இருக்கும் பழைய கடிதங்களில் நாளுக்கு ஒன்று எடுங்கள். "படு" வரும் இடமெல்லாம் பென்சிலால் கோடு போடுங்கள். ஒவ்வொரு கோட்டின் மேலும் "யார்?" என்று கேட்டுப் பதிலை எழுதுங்கள். பதில் உங்கள் நிறுவனம் என்றால் "நாங்கள்" என்று மாற்றி, வினையை "வோம்" என்று முடியுங்கள். யார் என்பது முக்கியமில்லை என்றால் தன்வினை ஆகுமா என்று பாருங்கள். இரண்டும் ஆகாதபோது மட்டும் "படு" இருக்கட்டும். பிறகு வினையெச்சங்களைப் பாருங்கள்: ஆள் மாறுகிறதா? மாறினால் அங்கே முற்றுப்புள்ளி. ஒரு வாக்கியம் பன்னிரண்டு, பதினைந்து சொல்லைத் தாண்டினால் சந்தேகப்படுங்கள். தமிழில் வினை கடைசியில்தான் வரும், அதுவரை படிப்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். கடைசியாக, கணக்குப் பிரிவில் உட்காராத யாரிடமாவது, வாட்ச்மேனிடம்கூட, கடிதத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் உங்களை அறியாமல் "அதாவது..." என்று விளக்க ஆரம்பிக்கிறீர்களோ, அந்த இடத்தைத் திருத்தி எழுதுங்கள். அதாவதுக்குப் பிறகு நீங்கள் சொன்ன வார்த்தைகளையே எழுதினால் போதும். இருபது கடிதம் இப்படித் திருத்தினால் கை பழகிவிடும்.

ஆங்கில மாதிரியை வரிக்கு வரி பெயர்ப்பதையும் நிறுத்துங்கள். அதைப் படித்து, யார், என்ன, எவ்வளவு, எப்போது, எங்கே என்று ஐந்து பதிலைத் துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு, மாதிரியைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுதுங்கள். மொழிபெயர்ப்பு இயந்திரத்தைப் பயன்படுத்தினாலும் இதே சோதனைதான். ஆங்கிலத்தில் ஒளிந்திருக்கும் ஆளை அது வெளியே இழுத்துத் தராது.

அந்த அறிவிப்பு இன்னும் தபாலுக்குப் போகவில்லையென்றால் இன்றே மாற்றிவிடுங்கள். மேலாளரிடம் கொடுக்கும்போது பழைய வரியையும் கூட வையுங்கள். தேதிக்குப் பக்கத்தில் போடும் கிழமையை நாள்காட்டியில் பார்த்துவிட்டுப் போடுங்கள்.